என் வயிற்றை நானே பார்த்தேன்

"காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடலையே மேடம்?"

"ஒண்ணுமே சாப்பிடல சிஸ்டர். வெறும் வயிறு. காபி மட்டும்தான்."

பேப்பரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த நர்ஸின் பேனா அப்படியே நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்றார்.

எனக்குப் புரியவே இல்லை. முந்தின நாள் ராத்திரி இரண்டே இரண்டு இட்லி. அதற்குப் பிறகு ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. காலையில் பக்கத்து வீட்டில் வெண்பொங்கலுக்கு நெய்யில் மிளகு தாளிக்கிற வாசனை வந்தபோதுகூட மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பேர்ப்பட்ட என்னைப் பார்த்து நாளைக்கு வா என்றால்?

"காபில பால் இருக்குல்ல மேடம்? உள்ள கேமரா போனா என்னத்த பார்க்கும்? அது கூட பரவால்ல. குமட்டி மேல வந்து மூச்சுக்குழாய்ல போயிடுச்சுன்னா? ஃபாஸ்டிங்னு சொன்னேனே!"

இங்கே எங்கள் பழக்கத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். சேலையூரில் எங்கள் சர்ச்சில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம். காலையிலிருந்து மதியம் வரை யாரும் வாயில் எதையும் போட மாட்டார்கள். ஆனால்... பத்தரை மணிக்கு ஒரு பெரிய டிரம்மில் காபி வரும். பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவில் ஆளுக்கொரு பேப்பர் கப். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் உபவாசம்! நான் கல்யாணமாகி இந்த ஏரியாவுக்கு வந்ததிலிருந்து இதுதான் நடைமுறை. பாஸ்டர் உட்பட ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. (அவருக்குச் சர்க்கரை போடாமல் தனியாக வரும்.) ஆகவே ஆஸ்பத்திரியில் ஃபாஸ்டிங் என்று சொன்னதும், எனக்குத் தெரிந்த ஃபாஸ்டிங்கில் நான் போய் நின்றேன். தப்பா?

எங்களை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, போன கையோட வந்துட்டீங்க? டாக்டர் இல்லியா?"

"டாக்டர் இருக்காங்கப்பா. இவங்க காபி குடிச்சிட்டாங்க. அதனால டெஸ்ட் கிடையாதாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இது இன்னா பேஜாரா கீது! காபி இன்னா சாப்பாடா?"

அப்பாடா! தாம்பரம் வட்டாரத்தில் நியாயம் தெரிந்த ஒரு மனிதராவது இருக்கிறாரே என்று ஆறுதலாக இருந்தது.

சிரிப்பு இருக்கட்டும். ஒரு உண்மையைச் சொல்லவா? 'நாளைக்கு வாங்க' என்றதும் என் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பரீட்சை தள்ளிப்போன பிள்ளைக்கு வருமே, அந்த மாதிரி சந்தோஷம். ஏனென்றால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

நாலைந்து மாதமாகவே மேல் வயிற்றில் ஒரு எரிச்சல். இரண்டு இட்லி சாப்பிட்டால் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி நெஞ்சு வரைக்கும் நிரம்பிவிடும். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. "ஒல்லியாயிட்டீங்களே, வாக்கிங் போறீங்களா?" என்று கேட்டவர்களிடம் பெருமையாகத் தலையாட்டி வைத்தேன். வயிற்றைப் பற்றிச் சொன்னபோது மட்டும் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள் — கேஸ்! நம் ஊரில் கழுத்துக்கும் தொப்புளுக்கும் நடுவில் எங்கே வலித்தாலும் அதற்கு இந்த ஒரு பெயர்தான். ஓமத் தண்ணீர் குடித்தேன். சோடா குடித்தேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாத்திரை போட்டேன். எரிச்சல் போகிற மாதிரி போய், வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். என் மகள் வயசுதான் இருக்கும். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை பார்த்தார். "வெயிட் குறைஞ்சிருக்கு. ஐம்பது தாண்டிட்டீங்க. ஒரு எண்டோஸ்கோபி பார்த்துடலாம்மா" என்றார். அதற்குப் பிறகு ஒரு கேள்வி: "வீட்ல யாருக்காவது வயித்துல கேன்சர் இருந்திருக்கா?"

இருந்தது. என் அக்காவுக்கு.

ரூபி அக்கா கூடுவாஞ்சேரியில் இருந்தாள். அவளுக்கும் இதே எரிச்சல்தான். இதே இரண்டு இட்லிதான். அவளுக்கும் டாக்டர் எண்டோஸ்கோபிதான் சொன்னார். அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்: "ஏண்டி, தொண்டை வழியா குழாய் விட்டா எப்படிடி இருக்கும்? போட்டுக்கிட்டவங்க யாராச்சும் இருக்காங்களா?"

எங்கள் அபார்ட்மெண்டில் கீழ் வீட்டு சார் ஒருவர் ஏற்கெனவே எண்டோஸ்கோபி எடுத்திருந்தார். அக்கா நேராகப் போய் அவரிடமே கேட்டாள். நம்ம ஆட்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே! டெஸ்ட் எடுத்துக்கொண்ட ஒருவரிடம் போய் 'எப்படி இருந்தது' என்று கேட்டால், 'பரவாயில்லை, முடிந்துவிட்டது' என்று சொல்ல மனசு வருமா? அப்படிச் சொன்னால் அவர் பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை?

"அதை ஏம்மா கேக்குறே! தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற பைப் இருக்குல்ல, அந்த சைஸ். நாலு பேர் பிடிச்சுக்கிட்டாங்க. உயிர் போயிட்டுத் திரும்பி வந்துது!"

அவர் கெட்டவர் இல்லை. கதை சொல்வதில் ஆசை உள்ளவர், அவ்வளவுதான். ஆனால் அக்காவின் முகம் வெளுத்துப்போனது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு யார் எவ்வளவு சொல்லியும் அவள் அசையவில்லை. "கேஸ்தான்டி, சரியாயிடும்" என்பாள். ரத்தமாக வாந்தி எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோபி பார்த்தார்கள். கட்டி ஈரல் வரைக்கும் போயிருந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

இப்போது சொல்லுங்கள், டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்? குழாயை நினைத்து ஒரு பயம். குழாய் உள்ளே போய் எதைப் பார்க்குமோ என்று இன்னொரு பயம். வெளியே எல்லாரிடமும் முதல் பயத்தைத்தான் சொன்னேன். இரண்டாவதை வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை. எங்கள் வீட்டில் காபி போடுவது என் வீட்டுக்காரர்தான். டிகாக்ஷன் இறங்குகிற வாசனையில்தான் எனக்குத் தினமும் விழிப்பே வரும். அன்றைக்கு வாசனை வரவில்லை. ஃபில்டர் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. சரி, தெருமுனைக் கடையில் குடித்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டு ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

"இன்னிக்கு?"

"சத்தியமா தண்ணிகூட இல்ல சிஸ்டர்."

பின்னாலிருந்து ஒரு குரல். "நானும்தான் சிஸ்டர். ஒரு சொட்டு குடிக்கல."

"உங்களுக்கு எதுக்கு சார்?"

என் வீட்டுக்காரர் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே நின்றார். "சும்மா... துணைக்கு" என்றார்.

வாழ்க்கையில் எனக்காக அவர் நகை வாங்கியிருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார். காபியை விட்டது இதுதான் முதல் தடவை.

நர்ஸ் வரிசையாகக் கேட்டார். மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? சர்க்கரைக்கு, பிரஷருக்கு மாத்திரை உண்டா? ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா? கட்டின பல், கழற்றி மாட்டுகிற பல்? இதையெல்லாம் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது, மறைக்கிற விஷயமில்லை. எனக்கு இருந்தது முழங்கால் வலி மாத்திரை ஒன்றுதான். அதை வெறும் வயிற்றில் அடிக்கடி போடுவேன் என்றதும் அவர் பேனாவை அழுத்தி எழுதினார்.

பிறகு டாக்டரம்மா கேட்டார். "லேசா மயக்கம் கொடுத்தா தூக்கக் கலக்கத்துல ஒண்ணும் தெரியாது. ஆனா இன்னிக்குப் பூரா வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆள் இருக்கணும். இல்லன்னா தொண்டைக்கு ஸ்ப்ரே மட்டும். முழிச்சிட்டு இருப்பீங்க. எது வேணும்?"

"ஸ்ப்ரே போதும் டாக்டர்."

என் வீட்டுக்காரர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இவ்வளவு பயந்தவள் ஏன் இப்படிச் சொன்னேன்? எப்படி இருக்கும் என்று அக்கா கேட்டாளே... அதற்கான பதில் எங்கள் குடும்பத்தில் இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கே தெரியாது, அவள் மயக்கத்தில் இருந்தாள். எனக்குத் தெரிந்தாக வேண்டும் போல இருந்தது.

ஸ்ப்ரே அடித்தார்கள். கசப்பு! வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி. கொஞ்ச நேரத்தில் நாக்கும் தொண்டையும் மரத்து, எச்சில் விழுங்குவதுகூடத் தெரியவில்லை. மூச்சு அடைக்கிறதோ என்று ஒரு பதற்றம் வரும். அடைக்காது, மரத்துப்போனதால் அப்படித் தோன்றுகிறது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். பற்களுக்கு நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் துண்டு. குழாயைக் கடித்துவிடாமல் இருக்க.

அப்புறம் அந்தக் குழாயைப் பார்த்தேன். தோட்டத்து பைப்பாம்! என் சுண்டு விரல் பருமன்கூட இருக்காது. கறுப்பாக, வழவழவென்று, நுனியில் ஒரு சின்ன வெளிச்சம். கீழ் வீட்டு சார்... உங்களை!

"ஒரு முழுங்கு முழுங்குங்க... அவ்வளவுதான்... மூக்கால மூச்சு விடுங்க."

பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு இடம் கஷ்டம்தான். குழாய் தொண்டையைத் தாண்டுகிறபோது குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. எச்சில் வழிந்தது. "வழியட்டும் மேடம், முழுங்காதீங்க. துண்டு போட்டிருக்கேன்" என்று நர்ஸ் என் தோளைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒருத்தர்தான். நாலு பேர் இல்லை! மூக்கால் மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். குமட்டல் மெல்ல அடங்கியது. வலி? தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

"முடிஞ்சா கண்ணைத் திறந்து ஸ்க்ரீனைப் பாருங்கம்மா" என்றார் டாக்டர்.

திறந்தேன். அதற்கப்புறம் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஈரமாக, பளபளவென்று, வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு நீண்ட வழி. எவ்வளவு சுத்தம்! ஐம்பது வருஷமாக நான் உள்ளே தள்ளிய வத்தக்குழம்பு, ஊறுகாய், மீன் வறுவல் எதன் கறையும் இல்லை. பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி இருந்தது. வழியின் ஒரு பக்கச் சுவர் மட்டும் உள்ளே வருவதும் போவதுமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"அந்தத் துடிப்பு தெரியுதா? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கறது உங்க ஹார்ட்."

என் இதயம்! இந்த உலகத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே அடித்துக்கொண்டிருக்கிற என் இதயம். நான் அழுதபோதும் கோபப்பட்டபோதும் தூங்கியபோதும் நிற்காமல்... இத்தனை நாளும் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே இல்லை. வாயில் பிளாஸ்டிக் இல்லாவிட்டால் ஒரு வணக்கமாவது சொல்லியிருப்பேன்.

வழி முடிந்து ஒரு பெரிய அறை. அதுதான் வயிறு. உள்ளே காற்றை ஊதியதும் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடந்தது மெல்ல விரிந்தது. கேமரா அங்கேயே வளைந்து திரும்பி, தான் வந்த வாசலையே பார்த்தது. கறுப்புக் குழாய் மேலிருந்து இறங்கி வருவது தெரிந்தது. என் வயிற்றுக்குள் இருந்துகொண்டு, என் வயிற்றுக்குள் வருகிற குழாயை நான் பார்க்கிறேன். இதை எந்த ஆச்சரியக்குறி போட்டு எழுதுவது?

அறையின் கோடியில் ஒரு சின்ன வட்ட வாசல். தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது. மறுபடி திறக்கிறது. "அரைச்ச சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா குடலுக்கு அனுப்புற கேட் அது" என்றார் டாக்டர். அன்றைக்கு அனுப்ப ஒன்றுமே இல்லை. ஆனாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் பாராட்டவில்லை. நான் ஒரு நாள்கூட அதை நினைத்துப் பார்த்ததில்லை. என்ன ஜென்மம் நான்! பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது. ஏற்கெனவே கண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்போது கேமரா நின்றது.

அந்த வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், சுவரில் ஒரு சின்னக் குழி. நடுவில் வெள்ளை, ஓரத்தில் சிவப்பு. டாக்டர் பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த இடத்தையே கிட்டப் போய்ப் பார்த்தார். ரூபி அக்கா... உனக்கும் இப்படித்தான் ஒரு சின்னக் குழியாக இருந்ததா?

"புண் இருக்கு. கொஞ்சம் சதை எடுக்கிறேன். வலிக்காது."

குழாய் வழியாகவே நூல் மாதிரி ஒரு கம்பி போனது. அதன் நுனியில் குட்டி வாய். கடித்தது, எடுத்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு துணுக்கை மஞ்சள் நிறத்தில் இருந்த ஒரு சின்ன ஜெல்லில் வைத்தார்கள். மற்றவை பாட்டிலுக்குள். குழாய் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மொத்தமே ஒரு டீக்கடையில் டீ சொல்லி, வாங்கி, குடித்து முடிக்கிற நேரம்தான்.

ஒரு ஏப்பம் விட்டேன். அந்தப் பக்கமே அதிர்ந்திருக்கும். "ஊதின காத்து மேடம், விடுங்க விடுங்க" என்றார் நர்ஸ்.

வெளியே வந்தால் ஒரே களேபரம். எனக்காகக் கொண்டு வந்து வைத்திருந்த வீல்சேரில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். காபியும் இல்லாமல், டிபனும் இல்லாமல், கதவையே பார்த்துக்கொண்டு நின்றவருக்குக் கிறுகிறுவென்று வந்துவிட்டதாம். வார்டு அம்மா ஒருவர் அவர் வாயில் பிஸ்கட்டை ஊட்டிக்கொண்டிருந்தார். தொண்டை மரப்பு போகிறவரைக்கும் எனக்கு எதுவும் தரக்கூடாது. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். எண்டோஸ்கோபி எனக்கு, உபசாரம் அவருக்கு!

கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சள் ஜெல் பிங்க்காக மாறிவிட்டது. வயிற்றுக்குள் குடியிருக்கிற ஒரு கிருமி அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்குமாம். புண்ணுக்கு அதுவும் காரணம், நான் வெறும் வயிற்றில் போட்ட முழங்கால் மாத்திரையும் காரணம். "பார்க்கறதுக்கு சாதாரணப் புண் மாதிரிதான் இருக்கு. ஆனா பார்வையை மட்டும் நம்ப முடியாது. எடுத்த சதையோட பயாப்ஸி ரிசல்ட் வரட்டும்" என்றார் டாக்டர். தொண்டை இரண்டு நாள் கரகரவென்று இருக்கும், அது சகஜம். கடுமையான வலி, காய்ச்சல், ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம் — இதில் எது வந்தாலும் உடனே ஓடி வர வேண்டும். இதையும் அழுத்திச் சொன்னார்.

பயாப்ஸி வருகிறவரைக்கும் நான் சரியாகத் தூங்கவில்லை. அவரும் தூங்கவில்லை. இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி நடித்தோம்.

ரிசல்ட் வாங்கப் போன அன்றைக்கு டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வரவேற்றார். "கேன்சர் இல்லம்மா. புண்ணுதான். ரெண்டு வாரம் மாத்திரை ஒழுங்கா போடுங்க, அந்தக் கிருமி போயிடும். ரெண்டு மாசம் கழிச்சு ஆறிடுச்சான்னு மறுபடி ஒரு தடவை பார்த்துடலாம்."

அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்காகக் கொஞ்சம், அக்காவுக்காக நிறைய. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேன் டாக்டர். அடுத்த தடவை ஸ்க்ரீனை இன்னும் கொஞ்சம் கிட்ட வையுங்க" என்றேன்.

போன வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம். பத்தரை மணிக்கு டிரம் வந்தது. எனக்கு அரை கப் போதும் என்று வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். எங்கள் சர்ச்சில் சண்டே ஸ்கூல் எடுக்கிற கிரேஸி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே முகம் வாடித் தெரிகிற பெண். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அக்கா... தொண்டை வழியா குழாய் விட்டா எப்படிக்கா இருக்கும்?"

கப்பைக் கீழே வைத்தேன். அதே கேள்வி. கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்.

ஆனால் இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கசப்பை, குமட்டலை, வழிகிற எச்சிலை, எதையும் மறைக்கவில்லை. சுண்டு விரலைக் காட்டி, இதைவிட ஒல்லி என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் துடித்ததைச் சொன்னபோது அவள் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானாக்கா?"

"இவ்வளவுதான்டி" என்றேன். கிரேஸியிடம்தான் சொன்னேன். ஆனால் ரூபி அக்காவின் கூடுவாஞ்சேரி வரைக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"எப்ப போகணும்?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலைல வரச் சொல்லியிருக்காங்க. போறதா வேணாமான்னு..."

"போறோம். நானும் வரேன்."

அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. நிம்மதியாக எழுந்தவள், டிரம் இருந்த பக்கம் நடந்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்னிக்குக் குடி. நாளைக்குக் காலைல மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ கிரேஸி... காபியும் சாப்பாடுதான்!"